மிலிட்டரி ஆக்ஷன் ஃபிகர் செட் ரிவ்யூ: கலெக்டர்களும் கஸ்டமைஸர்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

3¾ இன்ச் மிலிட்டரி ஃபிகர் செட்டை எப்படி பாத்து மதிப்பு போடுறது, எதை வாங்கலாம், வாங்கினதை எப்படி பிரிச்சு மாத்தி வேற சோல்ஜர் ஆக்குறதுன்னு திரும்ப திரும்ப கேக்குறாங்க, அதுக்கெல்லாம் இங்க பதில் எழுதி வெச்சிருக்கேன். என் பார்வை என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். பாக்ஸ்ல என்ன படம் போட்டிருக்கு, பெயின்ட் எவ்ளோ பளபளன்னு இருக்குங்கறதை விட, உள்ள ஜாயின்ட்டை எப்படி செஞ்சிருக்காங்க, எந்த பிளாஸ்டிக்ல செஞ்சிருக்காங்கங்கறதுல தான் ஒரு செட்டோட தரம் இருக்கு. பெயின்ட் பிடிக்கலைன்னா நாம மாத்திக்கலாம், மட்டமான இடுப்பு ஜாயின்ட்டை ஒண்ணும் பண்ண முடியாது.

3¾ இன்ச், 6 இன்ச், 12 இன்ச்னு சொல்றாங்களே, புதுசா ஆரம்பிக்கிறவங்க எதை எடுக்கணும்?

12 இன்ச்ங்கறது 1/6 ஸ்கேல், 6 இன்ச் 1/12, 3¾ இன்ச் 1/18. கணக்கு போட்டு பாருங்க, 5 அடி 8 இன்ச் ஆள்னா மொத்தம் 68 இன்ச், அதை 18ஆல வகுத்தா 3.78 வருது, அதனால தான் இந்த சைஸ் ஒரு சாதாரண ஆளுக்கு கரெக்டா உக்காருது. 12 இன்ச்ல நிஜ துணியில தைச்ச யூனிஃபார்ம், உலோக பக்கிள், கழட்டி மாட்டுற மேகசின் எல்லாம் இருக்கும், பாக்க அப்படியே உயிரோட நிக்கிற மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணு வாங்குற காசுல 3¾ இன்ச்ல ஒரு படைப்பிரிவே சேர்த்துடலாம். அதுக்கும் மேல ஜீப், டாங்க், ஹெலிகாப்டர்னு வண்டி வெச்சு காட்சி அமைக்கணும்னா 1/18 தான் வீட்டுக்குள்ள அடங்கும். கஸ்டம் பண்ண ஆசை இருந்தா 3¾ல ஆரம்பிங்க, பார்ட்ஸ் மலிவு, ஒண்ணு உடைஞ்சா மனசு வலிக்காது.

இதெல்லாம் எப்போ ஆரம்பிச்சது?

1964ல. அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல இருக்கிற ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோங்கற 12 இன்ச் சோல்ஜர் பொம்மையை இறக்குச்சு. ஸ்டான் வெஸ்டன்ங்கற லைசென்சிங் ஏஜென்ட் ஐடியாவை கொண்டு வந்தாரு, ஹாஸ்ப்ரோவுல டான் லெவின் அதை பொருளா ஆக்கினாரு. அப்போ பார்பி வந்து அஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு, ஒரு பொம்மையை வித்துட்டு அதுக்கு டிரஸ்ஸா வித்துட்டே இருக்கலாம்னு எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு, அதே வேலையை பசங்களுக்கு சோல்ஜரை வெச்சு பண்ணலாம்ங்கறது தான் யோசனை. ஆனா பையனுக்கு பொம்மைன்னு சொல்லி வித்தா அப்பாக்கள் வாங்க மாட்டாங்கன்னு பயந்து ஆக்ஷன் ஃபிகர்னு பேர் வெச்சாங்க, அந்த பேர் தான் இன்னிக்கு வரைக்கும் நிக்குது. சோல்ஜர், செய்லர், மரைன், பைலட்னு நாலு பேர், யூனிஃபார்மும் கருவிகளும் தனித்தனி செட்டா வித்தாங்க.

அந்த முதல் ஜோவுக்கு வலது கன்னத்துல ஒரு தழும்பு இருக்கும், கட்டை விரல் நகம் தப்பான பக்கத்துல, விரலோட உள்பக்கமா இருக்கும். தழும்பு காப்பி அடிக்கிறவங்களை பிடிக்க வெச்ச அடையாளம், நகமும் அதுக்கே உதவுச்சு. பழைய 12 இன்ச் ஒண்ணு கைக்கு வந்தா முதல்ல நான் பாக்குறது அந்த கட்டை விரலை தான். 1966ல இங்கிலாந்துல பாலிடாய் கம்பெனி இதையே லைசென்ஸ் வாங்கி ஆக்ஷன் மேன்னு வித்தாங்க.

அப்புறம் ஏன் சைஸ் சின்னதாச்சு?

70கள்ல எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை ஏறினது ஒரு காரணம், 12 இன்ச் ஜோ 1976ல நின்னு போச்சு. 1978ல கென்னர் கம்பெனி ஸ்டார் வார்ஸ் ஃபிகர்களை 3¾ இன்ச்ல இறக்கி அள்ளிட்டாங்க, சின்ன ஃபிகர்னா கூடவே பெரிய வண்டியும் விக்கலாம்னு தெரிஞ்சுது. 1982ல ஹாஸ்ப்ரோ அதே சைஸ்ல ஜோவை திரும்ப கொண்டு வந்தாங்க, ஆனா கென்னர் மாதிரி அஞ்சு இடத்துல மட்டும் ஆடுற ஃபிகரா இல்லாம முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்குற மாதிரி செஞ்சாங்க.

இதுல கஸ்டமைஸருக்கு பெரிய வரம் ஒண்ணு இருக்கு. அந்த ஃபிகரோட முதுகுல ஒரு சின்ன ஸ்க்ரூ, அதை கழட்டினா உடம்பு ரெண்டா பிரியும், உள்ள ஓ-ரிங்னு சொல்ற ஒரு கருப்பு ரப்பர் ரிங் இருக்கும். ரெண்டு காலையும் T வடிவ கொக்கி ஒண்ணு சேர்த்து பிடிச்சிருக்கும், அந்த கொக்கியில மாட்டின ரிங் இடுப்பு துண்டுக்குள்ள புகுந்து மேல வந்து மார்புக்குள்ள இருக்கிற ஸ்க்ரூ தூண்ல தொங்கும். அந்த ரப்பர் இழுவை தான் மொத்த ஃபிகரையும் சேர்த்து பிடிக்குது. இதனால தலை, கை, மார்பு, இடுப்பு, கால் எல்லாத்தையும் எந்த ஃபிகர்ல இருந்து எதுக்கு வேணும்னாலும் மாத்தலாம், பசை வேண்டாம், கத்தி வேண்டாம். 1983ல தோளுக்கு கீழ கை சுத்துற ஜாயின்ட் சேர்த்தாங்க, அப்போ தான் ரெண்டு கையாலயும் துப்பாக்கியை பிடிக்க முடிஞ்சுது, 1985ல கழுத்துக்கு பால் ஜாயின்ட் வந்துச்சு.

கம்பெனியே அன்னிக்கு கஸ்டமைஸர் வேலை தான் பாத்திருக்காங்க, 1982 செட்ல ஒரே தலையை முடி கலர் மாத்தி வேற வேற ஆள்னு வித்தாங்க, உடம்பு, கை கால் கூட பல பேருக்கு பொதுவா வரும். ஸ்னேக் ஐஸ் ஃபிகர்ல செலவை குறைக்க ஒரு சொட்டு பெயின்ட் கூட அடிக்காம முழு கருப்பு பிளாஸ்டிக்ல விட்டாங்க, அதுவே அந்த லைன்ல எல்லாருக்கும் பிடிச்ச ஆளா ஆயிடுச்சு.

ஒரு செட் கைக்கு வந்ததும் ரிவ்யூவுக்கு முதல்ல என்ன பாப்பீங்க?

பாக்ஸை நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு உடனே பிரிச்சிடுவேன், பிரிக்காம எழுதுற ரிவ்யூவை நான் ரிவ்யூன்னே ஒத்துக்கிறதில்ல. பிரிச்சதும் ஃபிகரை சமதளமான இடத்துல எந்த ஸ்டாண்டும் இல்லாம நிக்க வைப்பேன். நிக்கலைன்னா ஏன்னு பாக்கணும், கணுக்கால் வளைஞ்சு பேக் ஆகியிருந்தா சுடுதண்ணில சரி பண்ணிடலாம், இடுப்பு ஜாயின்ட்டே லொட லொடன்னு இருந்தா அது செஞ்சதுலயே இருக்கிற குறை.

அடுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டா மெதுவா அசைக்கணும். முதல் தடவை எந்த ஜாயின்ட்டையும் வேகமா திருப்பாதீங்க, பெயின்ட் பசை மாதிரி உள்ள ஒட்டிட்டு இருக்கும், திருகினா ஊசி மாதிரி இருக்கிற பின் முறுக்கிக்கிட்டு வெள்ளையா கோடு விழும், அந்த வெள்ளை கோடு விழுந்தா அடுத்து உடையறது நிச்சயம். ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டிட்டு அசைச்சா விட்டுடும். முழங்கை 90 டிகிரி மடங்குதா, முழங்கால் மடிச்சு ஒரு கால் மண்டி போட முடியுதா, தலை மேல பாக்குதா, இந்த மூணும் மிலிட்டரி ஃபிகருக்கு உயிர் மாதிரி. தலை மேல பாக்கலைன்னா படுத்து குறி பாக்குற போஸ் வராது, ஸ்னைப்பர்னு பாக்ஸ்ல போட்டு என்ன பிரயோஜனம்.

அப்புறம் கை. துப்பாக்கி பிடியில விரல் சரியா நுழையுதா, ட்ரிகர்ல ஆள்காட்டி விரல் போகுதா, இடது கை முன்பிடியை தாங்குதா. வெஸ்ட் போட்ட பிறகும் கை முன்னாடி வருதான்னு பாக்கணும், நிறைய செட்ல வெஸ்ட் இவ்ளோ தடிமனா இருக்கும், ஃபிகர் ரெண்டு கையும் விரிச்சு நிக்கும், துப்பாக்கியை தோள்ல வைக்கவே முடியாது. கடைசியா முதுகு ஓட்டையும் பாதத்து ஓட்டையும், மத்த கம்பெனி பேக்கும் ஸ்டாண்டும் பொருந்துதான்னு மாட்டி பாத்து அதையும் எழுதணும், கஸ்டமைஸர் தேடுற தகவல் அது தான்.

எந்த பிளாஸ்டிக்னு எப்படி கண்டுபிடிக்கிறது, அது ஏன் முக்கியம்?

ஒரே ஃபிகர்ல மூணு விதம் கலந்து வரும். உடம்பு, கால் எல்லாம் பெரும்பாலும் ஏபிஎஸ், நகத்தால தட்டினா டிக் டிக்னு கெட்டியா சத்தம் வரும், பெயின்ட் நல்லா பிடிக்கும், பசையும் ஒட்டும். தலை, வெஸ்ட், துப்பாக்கி, கை விரல் எல்லாம் மெத்துன்னு வளையற பிவிசி. ஜாயின்ட் பின்கள் சில சமயம் பிஓஎம், தொட்டா மெழுகு தடவின மாதிரி வழுக்கும், அதுல பெயின்ட்டும் நிக்காது பசையும் ஒட்டாது, அதனால தான் அதை ஜாயின்ட்டுக்கு போடுறாங்க, தேயாது.

இது தெரியாம வேலை பாத்தா மொத்தமும் வீணாகும். பிவிசி மேல எனாமல் ஸ்ப்ரே அடிச்சீங்கன்னா மாசக்கணக்கா பிசுபிசுன்னே இருக்கும், பிவிசியை மென்மையாக்க உள்ள கலந்திருக்கிற எண்ணெய் போன்ற பொருள் வெளிய கசிஞ்சு பெயின்ட்டை காயவே விடாது, அக்ரிலிக் பெயின்ட் தான் போடணும். பழைய பெயின்ட்டை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, அதுல இருக்கிற அசிட்டோன் ஏபிஎஸ்ஸை கரைச்சிடும், பிவிசியையும் கெடுக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பஞ்சை நனைச்சு பொறுமையா தேய்ங்க, அதையும் முதல்ல பாதத்துக்கு அடியில டெஸ்ட் பண்ணிட்டு.

துப்பாக்கி சைஸ் சரியான்னு எப்படி சொல்றீங்க? கண்ணால பாத்தா போதாதா?

கண்ணு ஏமாத்தும், ஸ்கேல் வெச்சு அளக்கணும், மில்லிமீட்டர்ல. எம்4 கார்பைன் ஸ்டாக்கை முழுசா இழுத்தா 838 மி.மீ., 18ஆல வகுத்தா 46.5 மி.மீ. ஏகே-47 சுமார் 870, அதாவது 48 மி.மீ. எம்16ஏ2 சுமார் 1006, அது 56 மி.மீ. வரணும். அப்போ ஒரு செட்ல எம்16ஏ2வும் எம்4ம் பக்கத்துல பக்கத்துல வெச்சா 9, 10 மி.மீ. வித்தியாசம் பளிச்சுன்னு தெரியணும், ரெண்டும் ஒரே நீளமா இருந்தா அந்த கம்பெனி துப்பாக்கியை படத்தை பாத்து வரைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம்.

நீளத்தை விட பெரிய பிரச்சனை தடிமன். 1/18ல உண்மையான குழல் ஒரு மி.மீ. விட்டத்துல தான் நிக்கணும், மலிவு செட்ல அவ்ளோ மெலிசா வார்த்தா வளைஞ்சு போகும்னு ரெண்டு மடங்கு தடிமனா போட்டுடுவாங்க, பாக்குறதுக்கு துப்பாக்கி பைப் மாதிரி இருக்கும். வளைஞ்ச குழலை சரி பண்ணலாம், சுடுதண்ணில அரை நிமிஷம் விட்டு நேராக்கி உடனே ஐஸ் தண்ணில போட்டா அப்படியே நிக்கும், தடிமனை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, மாத்த தான் வேணும். நல்ல உடம்பும் மோசமான துப்பாக்கியும் இருக்கிற செட்டை நான் தைரியமா வாங்க சொல்வேன், துப்பாக்கி தனியா கிடைக்கும். நல்ல துப்பாக்கியும் மோசமான உடம்பும் இருக்கிறதை வாங்க சொல்ல மாட்டேன்.

எந்த கம்பெனி நல்லா இருக்கும்?

ஒரே பேர் சொல்ல முடியாது, எதுக்கு வேணும்ங்கறதை பொறுத்தது. லானார்ட் கம்பெனியோட தி கார்ப்ஸ் 1986ல இருந்து வருது, ஜோவுக்கு விலை குறைஞ்ச மாற்று, ஃபிகரை விட அவங்க வண்டிகள் கஸ்டமுக்கு அருமை, கொஞ்சம் பெயின்ட், கொஞ்சம் அழுக்கு ஏத்தினா அடையாளமே தெரியாது. சாப் மே ஃபிகர்கள் கொஞ்சம் உயரம் ஜாஸ்தி, புஜம் எல்லாம் ஊதி இருக்கும், மத்தவங்க பக்கத்துல நிக்க வெச்சா பொருந்தாது, ஆனா அந்த செட்ல வர்ற மணல் மூட்டை, பீப்பாய், வண்டி எல்லாம் காட்சி அமைக்க நல்லது.

21வது செஞ்சுரி டாய்ஸ் 1/18ல ரெண்டாம் உலகப்போர் சோல்ஜர், விமானம், டாங்க்னு போட்டாங்க, யூனிஃபார்ம் விவரத்துல அந்த விலைக்கு யாரும் கிட்ட வரல, ஜாயின்ட் மட்டும் மெலிசு, ஜாக்கிரதையா தொடணும். பிபிஐ எலைட் ஃபோர்ஸும் அப்படியே தான். ஹாஸ்ப்ரோவே 2007ல, 1982 லைனோட 25வது ஆண்டுக்கு ஓ-ரிங்கை விட்டுட்டு புது உடம்பு கொண்டு வந்தாங்க, கணுக்கால், மார்பு எல்லாம் ஆடும், போஸ் பிரமாதமா வரும், ஆனா ஸ்க்ரூ கிடையாது, பார்ட்ஸ் மாத்தணும்னா சூடு பண்ணி தான் கழட்டணும். மரௌடர் ஆளுங்க அதுக்கு நேர் எதிரா மொத்த ஃபிகரையும் பார்ட் பார்ட்டா விக்கிறாங்க, கஸ்டமைஸருக்காகவே யோசிச்சது, 1/18ல இப்போ இருக்கிறதுல எனக்கு ரொம்ப பிடிச்ச அணுகுமுறை. ஜாய்டாய் ஃபிகர்ல ஜாயின்ட் நிறைய, விலையும் அதுக்கு தகுந்த மாதிரி.

12 இன்ச் பக்கம் போனா ஹாங்காங் தான் தலைநகரம், டிராகன், டிஐடி, சோல்ஜர் ஸ்டோரி எல்லாம். இன்னிக்கு சினிமா ஃபிகருக்கு பேர் போன ஹாட் டாய்ஸும் மிலிட்டரி ஃபிகர்ல இருந்து தான் ஆரம்பிச்சாங்க.

யூனிஃபார்ம்ல சின்ன தப்பு இருந்தா அதை பெருசா எடுத்துக்கணுமா?

பாக்ஸ்ல சும்மா சோல்ஜர்னு போட்டிருந்தா விட்டுடலாம். 1991 வளைகுடா போர்னு போட்டு வித்தா விடக்கூடாது. அந்த போர்ல அமெரிக்க சோல்ஜர் போட்டது ஆறு கலர் பாலைவன கேமோ (மறைப்பு டிசைன் உடுப்பு), சாக்லேட் சிப்னு கூப்பிடுவாங்க, கையில பெரும்பாலும் எம்16ஏ2. எம்4 ராணுவத்துக்குள்ள வந்ததே 1994ல. அப்போ சாக்லேட் சிப் போட்ட ஆள் கையில ரெயில், டார்ச், குறி பாக்குற ரெட் டாட் எல்லாம் மாட்டின எம்4 குடுத்தா அது ரெண்டு காலத்தை ஒட்டு போட்டது. அதே மாதிரி ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் செட்னா எல்லார் கையிலயும் எம்பி40 சப்மெஷின் கன் குடுத்துடுவாங்க, நிஜத்துல சாதாரண காலாட்படை வீரன் தூக்கிட்டு போனது கார்98கே ரைஃபிள், எம்பி40 பெரும்பாலும் செக்ஷன் தலைவர் மாதிரி சில பேர் கையில தான். பத்து ஃபிகர்ல ஒருத்தருக்கு எம்பி40 குடுத்து மிச்ச பேருக்கு ரைஃபிள் குடுத்து பாருங்க, காட்சி உடனே நிஜமா மாறும்.

இதை நான் விடாம எழுதறதுக்கு காரணம் இருக்கு, இந்த உடுப்பை போட்டுட்டு நிஜமா ஆளுங்க போயிருக்காங்க, திரும்பி வராதவங்களும் இருக்காங்க, அவங்க பேர்ல விக்கிற பொருள்ல அந்த அளவு கவனமாவது இருக்கணும்.

ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ வீட்ல பழசு கிடக்கு, மதிப்பு இருக்கா?

இருக்கு, தூக்கி போட்டுடாதீங்க. ஃபன்ஸ்கூல் நம்ம சென்னை எம்ஆர்எஃப் குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி, கோவா ஃபேக்டரியில ஹாஸ்ப்ரோவோட ஒரிஜினல் மோல்டுகளை வெச்சு ஜோ செஞ்சாங்க. அதனால அது டூப்ளிகேட் இல்ல, லைசென்ஸ் உள்ள ஒரிஜினல். அமெரிக்காவுல 1994ல அந்த லைன் நின்ன பிறகும் இங்க பழைய மோல்டுல ஃபிகர் வந்துட்டே இருந்துச்சு, வெளிநாட்டு கலெக்டர்கள் இங்க இருந்து தருவிச்சு சேர்த்தாங்க. அவங்களை இழுத்தது கலர் தான், அமெரிக்காவுல வராத கலர்ல வரும், ஒரே ஃபிகரே பேட்சுக்கு பேட்ச் பெயின்ட் மாறி இருக்கும், அந்த மாற்றங்களை மட்டுமே தேடி சேர்க்கிறவங்க உண்டு.

அட்டையோட பிரிக்காம இருந்தா அப்படியே வெச்சிருங்க. லூஸா இருந்தா கட்டை விரல் ரெண்டும் இருக்கா, இடுப்பு துண்டு நடுவுல விரிசல் இருக்கா, முழங்கை ரிவெட் பக்கத்துல வெடிச்சிருக்கான்னு பாருங்க. பழைய ஜோவுல உடையற மூணு இடம் அது தான்.

ஓ-ரிங் அறுந்து ஃபிகர் ரெண்டு துண்டா விழுந்துடுச்சு, என்ன பண்றது?

ஒண்ணும் ஆகல, ரப்பர் காலப்போக்குல காய்ஞ்சு அறுந்தே தீரும். சரியான வாய் உள்ள சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் எடுங்க, வாய் பொருந்தாம திருகினா ஸ்க்ரூ தலை வழுக்கிடும். பழைய ரிங் துண்டை ஹார்ட்வேர் கடைக்கு எடுத்துட்டு போய் அதே சுற்றளவு, அதே தடிமன் பாத்து வாங்குங்க. தடிமன் கூடினா உடம்பு மூடாது, பலமா மூடினா இடுப்பு துண்டு விரியும். சைஸ் பெருசானா இடுப்பு தொங்கும். மாட்டும்போது கொக்கி வழியா ரிங்கை விட்டு, இடுப்பு துண்டை சொருகி, ரிங்கோட மேல் நுனியை தூண்ல போட்டு, கைகளை வெச்சு மூடி, ஸ்க்ரூவை நிக்கிற வரைக்கும் மட்டும் முறுக்குங்க, அதுக்கு மேல அரை சுத்து குடுத்தாலும் பழைய பிளாஸ்டிக் வெடிக்கும்.

பெயின்ட் ஜாயின்ட்ல உரிஞ்சு வந்துடுதே?

எல்லாருக்கும் வர்ற பிரச்சனை. ரெண்டு பரப்பு உரசுற இடத்துல பெயின்ட்டோட தடிமனுக்கு இடம் இல்ல, அதான் உரியுது. பிரிக்க முடிஞ்ச ஃபிகர்னா பிரிச்சு, உரசுற இடத்துல நுண்ணிய எமெரி பேப்பர் போட்டு ஒரு மயிரிழை குறைச்சுட்டு பெயின்ட் அடிங்க. இன்னொரு வழி, கஸ்டம் பண்ண போற கலருக்கு கிட்டத்துல இருக்கிற பிளாஸ்டிக் கலர் ஃபிகரையே தேடி எடுக்கிறது, ஆலிவ் பச்சை சோல்ஜர் வேணும்னா ஆலிவ் பிளாஸ்டிக்ல வார்த்த காலையும் கையையும் எடுத்துக்கோங்க, உரிஞ்சாலும் தெரியாது. ரிவ்யூல நான் பிளாஸ்டிக்கோட சொந்த கலரை தனியா எழுதறது இதுக்கு தான்.

மெலிசா மூணு நாலு கோட், ஒவ்வொண்ணும் நல்லா காய்ஞ்ச பிறகு. கடைசில மேட் வார்னிஷ். மழை நாள்ல ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீங்க, காத்துல ஈரம் இருந்தா மேல வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிடும், கடலோர ஊர்ல இருக்கிறவங்க பிரஷ்ல போடுற வார்னிஷே வெச்சுக்கோங்க. ஃபெவிக்விக்கும் இதே கதை, ஜாஸ்தி விட்டா சுத்தி வெள்ளை படலம் விழும், ஊசி முனையில தொட்டு வைங்க.

இந்திய ராணுவ வீரர் ஃபிகர் செட் கிடைக்கலையே, நாமளே பண்ண முடியுமா?

முடியும், பண்ணவும் வேணும். நவீன ஜோ உடம்பு இல்லைன்னா மரௌடர் உடம்பு எடுங்க, ஹெல்மெட் இல்லாத சாதாரண தலை. சீக்கிய ரெஜிமென்ட் வீரர் பண்றதா இருந்தா தலைப்பாகைக்கு எம்-சீல் போதும், ஆனா உருட்டி ஒரே கட்டியா வைக்காதீங்க. முதல்ல தலையில மெலிசா ஒரு அடுக்கு, அது இறுகின பிறகு எம்-சீலை தட்டையா தேய்ச்சு பட்டை பட்டையா அறுத்து, நெத்தி நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வர்ற மாதிரி ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சுத்தணும், ஈரமான குண்டூசி தலையால மடிப்பு ஓரத்தை அழுத்துங்க. எம்-சீல் கொஞ்சம் நறநறன்னு இருக்கும், காய்ஞ்சதும் எமெரி போட்டா சரியாகும், தாடிக்கு அந்த நறநறப்பே நல்லா உதவும்.

இன்சாஸ் ரைஃபிள் சுமார் 95 செ.மீ., 1/18ல 53 மி.மீ. வரணும், கடையில கிடைக்கிறது கஷ்டம், ஏகே உடம்புல இருந்து ஆரம்பிச்சு ஸ்டாக்கையும் முன்பிடியையும் பிளாஸ்டிக் ஷீட்ல செதுக்கி மாத்தலாம். 2022 ஜனவரி ராணுவ தினத்துல அறிமுகம் ஆன புது டிஜிட்டல் கேமோ பண்ணணும்னா பிரஷ்ல புள்ளி வைக்கிறதை விட டீக்கால் பேப்பர்ல (தண்ணில நனைச்சு ஒட்டுற பேப்பர்) பிரிண்ட் எடுத்து ஒட்டுறது சுத்தமா வரும், மடிப்பு வர்ற இடத்துல மட்டும் பிரஷ்ல தொட்டு முடிங்க.

பழைய ஒரிஜினல் ஃபிகரை வெட்டி கஸ்டம் பண்ணலாமா?

முழுசா, கருவிகளோட, பெயின்ட் தேயாம இருக்கிற 80கள் ஃபிகரை வெட்டாதீங்க. அன்னிக்கு வார்த்த ஒரிஜினல் இனி புதுசா வராது, இருக்கிற எண்ணிக்கை குறைஞ்சுட்டே தான் போகும். விரல் உடைஞ்சது, பெயின்ட் போனது, இடுப்பு வெடிச்சது தாராளமா கஸ்டமுக்கு எடுங்க, அதுக்கு அதை விட நல்ல வாழ்க்கை கிடையாது. ஓ-ரிங் ஃபிகர்ல வெட்டாம வெறும் பார்ட் மாத்தினா எப்போ வேணும்னாலும் பழையபடி கொண்டு வந்துடலாம்ங்கறதால அதுல எனக்கு எந்த தயக்கமும் இல்ல.

இந்தியாவுல விலை ஏன் இவ்ளோ ஏறிடுச்சு?

இறக்குமதி பொம்மைக்கான வரி 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. 2021 ஜனவரி 1ல இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம் ஆயிடுச்சு. கடைக்காரங்க கொண்டு வர்ற சின்ன கம்பெனி செட்டுகள் அதோட நின்னு போச்சு. அதனால ரிவ்யூல வெளிநாட்டு விலையை மட்டும் போட்டா நம்ம ஆளுங்களுக்கு உதவாது, கைக்கு வந்து சேர்ந்த மொத்த விலையை ஃபிகர் எண்ணிக்கையால வகுத்து ஒரு ஃபிகருக்கு எவ்ளோன்னு போடணும்.

எப்படி பத்திரமா வைக்கிறது?

வெயில் படாம வைங்க, வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும், பனிப்படை ஃபிகர்கள் தான் முதல்ல பாதிக்கும். பிவிசி வெஸ்ட், ரப்பர் டயர் இதெல்லாம் கெட்டி பிளாஸ்டிக் மேல நாள்பட அழுத்திட்டு கிடந்தா கரைச்சு தடம் போட்டுடும், அதனால வண்டியை டயர் தரையை தொடாத மாதிரி முட்டு குடுத்து வைங்க, ஃபிகரையும் வெஸ்ட்டையும் தனித்தனியா ஜிப் கவர்ல போடுங்க. ஈரம் வந்தா உள்ள இருக்கிற ஸ்க்ரூவும் கொக்கியும் துருப்பிடிக்கும், வெளிய தெரியாது, சிலிகா ஜெல் பாக்கெட் ஒண்ணு பெட்டிக்குள்ள இருக்கட்டும்.

கம்பெனி ஃப்ரீயா அனுப்பின செட்டை ரிவ்யூ பண்ணலாமா?

பண்ணலாம், ஃப்ரீயா வந்ததுன்னு முதல் வரியிலயே சொல்லிட்டு. அனுப்புற பீஸ் பொறுக்கி எடுத்ததா இருக்கலாம், அதனால முடிஞ்சா கடையில இன்னொண்ணு காசு குடுத்து வாங்கி ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்து எழுதுங்க.

சின்ன பசங்களுக்கு குடுக்கலாமா?

3 வயசுக்கு கீழ வேண்டவே வேண்டாம், துப்பாக்கியும் கத்தியும் தொண்டையில அடைக்கிற சைஸ். பெரிய பசங்களுக்கு லானார்ட் மாதிரி உறுதியான செட் குடுங்க. கஸ்டம் பண்ணினதை குடுக்காதீங்க, பெயின்ட், எம்-சீல் எல்லாம் வாயில வைக்கிறதுக்கு இல்ல.

நான் பண்ணின கஸ்டமை விக்கலாமா?

விக்கலாம், ஆனா கஸ்டம்னு தெளிவா எழுதி விக்கணும். எந்த ஃபிகர்ல இருந்து தலை, எதுல இருந்து கால், எந்த பெயின்ட், எந்த வார்னிஷ்னு ஒரு சின்ன சீட்டு எழுதி கூடவே வைங்க. முதுகுல இருக்கிற கம்பெனி முத்திரையையும் வருஷத்தையும் தேய்ச்சு எடுக்காதீங்க, உங்க அடையாளம் வேணும்னா உடம்பை மூடுறதுக்கு முன்னாடி மார்புக்கு உள்பக்கமா பேரும் வருஷமும் பெர்மனன்ட் மார்க்கர்ல எழுதிட்டு ஸ்க்ரூ போடுங்க, பின்னாடி வாங்குறவங்க ஓ-ரிங் மாத்த திறக்கும்போது இது யார் வேலைன்னு தெரிஞ்சுக்குவாங்க.